கன்டென்சிங் வாட்டர் ஹீட்டருக்கு சுண்ணாம்புக்கல் நியூட்ரலைசர்: வாங்கலாமா?

வாங்கலாம். கன்டென்சிங் கேஸ் ஹீட்டரிலிருந்து (புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் பயன்படுத்தும் வகை) சொட்டும் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும், ஆனால் அமிலம்; சுண்ணாம்புக்கல்லால் அந்த அமிலத்தை முறிக்கும் குடுவைதான் நியூட்ரலைசர். அந்தத் தண்ணீரின் பிஎச் (7-க்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு அமிலம்) பெரும்பாலும் 3 முதல் 5 வரை. செம்பு, இரும்புக் குழாய்களை அரிக்கும், சிமென்ட்டையும் விடாது. அதனால் பிவிசி அல்லது சிபிவிசி குழாய்தான் போட வேண்டும், அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுத்து.

நியூட்ரலைசரின் உடல் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் மாடலையே எடுங்கள். கல் கரைந்து மட்டம் இறங்குவது திறக்காமலே தெரியும். இரு முனையிலும் யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) இருக்கிறதா பாருங்கள்; இல்லையென்றால் கல் மாற்றக் குழாயை அறுக்க வேண்டியிருக்கும். கல்லை நிரப்புமுன் நன்றாகக் கழுவுங்கள். அந்த வெள்ளைத் தூள்தான் முதலில் அடைக்கும்.

பொருத்தும்போது நடக்கும் பெரிய தவறு உயரம். நியூட்ரலைசர் ஹீட்டரின் வடிகால் வாயைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். மேலே போனால் தண்ணீர் ஹீட்டருக்குள்ளேயே தேங்கி ஹீட்டரே நின்றுவிடும். டிராப்பில் (தண்ணீர் தேங்கி நின்று புகையைத் தடுக்கும் வளைவு) தண்ணீர் ஊற்றாமல் ஹீட்டரை ஓட்டவே கூடாது. காலி டிராப் வழியாகக் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் வரலாம், உயிருக்கே ஆபத்து. கடைசி முனையைத் தரை வடிகாலோடு ஒட்டிவிடாமல் இடைவெளி விடுங்கள்.

தண்ணீர் போய்ச்சேர வேண்டிய வடிகால் உயரத்தில் இருந்தால் பம்ப்பும் தேவை. அதன் ஓவர்ஃப்ளோ சுவிட்சை (தண்ணீர் நிரம்பினால் ஹீட்டரை நிறுத்துவது) ஹீட்டரோடு இணைக்க மறந்தால், பம்ப் பழுதாகும் நாளில் தரை முழுக்கத் தண்ணீர்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது நியூட்ரலைசரிலிருந்து வெளிவரும் தண்ணீரில் பிஎச் பட்டையை நனைத்துப் பாருங்கள். 5-க்குக் கீழே காட்டினால் கல்லை மாற்றுங்கள்.