சலுகை விலைப் போனா, அளவில்லா டேட்டாவா? 2012-இல் வெரைசன் வைத்த பேரம்

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் யாராவது விடுமுறைக்கு வருகிறார் என்றால், 2012 வாக்கில் நம் வீடுகளில் ஒரு கேள்வி தயாராக இருக்கும். "அங்க ஐபோன் இருநூறு டாலர்தானாமே, வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வந்துடுறியாப்பா?" கேட்பவர்மேல் தப்பில்லை. அந்த ஆண்டு நவம்பரில் ஐபோன் 5 இந்தியாவுக்கு வந்தபோது 16 ஜிபி மாடலின் விலை 45,500 ரூபாய். அமெரிக்க விளம்பரத்திலோ 199 டாலர். அன்றைய மதிப்பில் பதினோராயிரம் ரூபாய்கூட இல்லை.

விளம்பரத்தில் சின்ன எழுத்தில் இருந்த விஷயம் வேறு. அந்தப் போனின் உண்மையான விலை 649 டாலர். மீதி 450 டாலரை மொபைல் கம்பெனி போட்டுவிட்டு, இரண்டு வருடக் கான்ட்ராக்டில் கையெழுத்து வாங்கிக்கொள்ளும். போட்ட பணம் மாத பில்லில் திரும்பி வரும். நடுவில் விலகினால் அபராதம் உண்டு. அமெரிக்காவின் பெரிய மொபைல் கம்பெனிகளில் ஒன்றான வெரைசனில் அது 350 டாலரில் தொடங்கி மாதத்துக்குப் பத்து டாலர் வீதம் குறையும். ஆக, 'மானியம்' என்று அங்கே பேசப்பட்டது வாடிக்கையாளரின் சொந்தப் பணம்தான், தவணையாக. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் கணக்கு முழுவதும் விளங்கும்.

இன்னொரு பக்கம் அன்லிமிடெட் டேட்டா. ஸ்மார்ட்போன் புதிதாக வந்த காலத்தில் ஆட்களைப் பழக்குவதற்காக மாதம் 30 டாலருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் என்று கொடுத்தார்கள். பழகிவிட்டார்கள் என்று தெரிந்ததும் கதவை மூடினார்கள். வெரைசனின் போட்டிக் கம்பெனியான ஏடி அண்ட் டி 2010 ஜூன் 7-இலும், வெரைசன் 2011 ஜூலை 7-இலும் புதியவர்களுக்கு அந்தப் பிளானை நிறுத்தின. ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் தொடரலாம் என்றார்கள். அந்தப் பழைய பிளான்காரர்கள்தான் இந்தக் கதையின் மையம்.

2012 மே மாதம் வெரைசனின் நிதித் தலைவர் ஃபிரான் ஷாமோ, 3ஜி அன்லிமிடெட்காரர்கள் 4ஜிக்கு மாறும்போது ஒரே டேட்டா அளவைப் பல போன்கள் பங்கிட்டுக்கொள்ளும் பகிர்வு டேட்டா பிளானுக்கு வந்தாக வேண்டும் என்ற பொருளில் முதலீட்டாளர் கூட்டம் ஒன்றில் பேசினார். எதிர்ப்பு கிளம்பியதும் கம்பெனி விளக்கம் கொடுத்தது: அன்லிமிடெட்டை யாரும் பிடுங்கவில்லை, வைத்துக்கொள்ளலாம், ஆனால் அடுத்த போனை முழு விலை கொடுத்து வாங்க வேண்டும். சலுகை விலைப் போன் வேண்டுமா, அன்லிமிடெட்டை விட்டுவிடுங்கள். ஜூன் 28-ஆம் தேதி 'ஷேர் எவ்ரிதிங்' என்ற புதிய பிளானோடு இது நடைமுறைக்கு வந்தது.

பழைய பிளானோடு இருந்த ஒருவரின் முன்னால் அன்றைக்கு என்னென்ன வழிகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வருடத்தில் என்ன செலவு என்று பார்ப்போம். எல்லாவற்றுக்கும் ஐபோன் 5, 16 ஜிபியையே அளவுகோலாக வைக்கிறேன். வரிகளைச் சேர்க்கவில்லை, சில்லறையை அருகிலுள்ள டாலருக்குத் திருத்தியிருக்கிறேன்.

தனி ஆளின் கணக்கு

வெரைசனின் பழைய பிளானில் 450 நிமிடப் பேச்சு 40 டாலர், அளவில்லாத எஸ்எம்எஸ் 20, அன்லிமிடெட் டேட்டா 30. மாதம் 90. இரண்டு வருடத்துக்கு 2,160. இதோடு முழு விலைப் போன் 649 சேர்ந்தால் 2,809 டாலர்.

புதிய பிளானில் போனுக்கு மாதம் 40, டேட்டாவுக்குத் தனியாக 1 ஜிபி 50, 2 ஜிபி 60, 4 ஜிபி 70, 6 ஜிபி 80 என்று ஏறும். பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் அளவில்லை. போன் 199, அதற்கு மேல் 30 டாலர் அப்கிரேடு கட்டணம். 2 ஜிபி எடுத்தவருக்கு மொத்தம் 2,629. 4 ஜிபிக்கு 2,869. 6 ஜிபிக்கு 3,109.

அதாவது மாதம் 2 ஜிபிக்குள் அடங்குபவர் அன்லிமிடெட்டை விட்டால் 180 டாலர் மிச்சம். 4 ஜிபி தேவைப்படுபவர், போனுக்கு முழு விலை கொடுத்தும்கூட, பழைய பிளானில் 60 டாலர் லாபத்தில் இருப்பார். 6 ஜிபி என்றால் 300 டாலர் லாபம். தராசின் முள் நிற்கும் இடம் மூன்று, நான்கு ஜிபிக்குப் பக்கம். அளவைத் தாண்டினால் ஜிபிக்கு 15 டாலர் என்பதும் புதிய பிளானில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் ஊர்ப் பயணத்தில் ரயிலில் உட்கார்ந்து நாலு வீடியோ பார்த்தால் அந்தப் பதினைந்து வந்துவிடும்.

இந்தக் கணக்கில் பலர் தவறவிட்ட ஒரு இடம் எஸ்எம்எஸ். பழைய பிளானில் மாதம் 20 டாலர் அதற்கு மட்டும் போகிறது. 250 எஸ்எம்எஸ் போதும் என்றால் ஐந்து டாலர்தான். வாட்ஸ்அப்பும் ஐமெசேஜும் வந்த பிறகு நிறையப் பேருக்கு அது போதும். அப்படிக் குறைத்தால் மாதம் 75, இரண்டு வருடத்துக்கு 1,800, போனோடு 2,449. முழு விலை கொடுத்து வாங்கியும், 2 ஜிபி பிளானைவிட 180 டாலர் குறைவு. பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் இணையத்துக்கு நகர்ந்துகொண்டிருந்த நேரத்தில், அவற்றை அளவில்லாமல் தந்துவிட்டு டேட்டாவை அளந்து விற்க ஆரம்பித்தார்கள். எதை இலவசம்போல் காட்டுகிறார்கள், எதற்கு விலை வைக்கிறார்கள் என்பதில்தான் இந்தப் பிளானின் உள்நோக்கம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

புதிய பிளானுக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹாட்ஸ்பாட் அதில் சேர்ந்தே வந்தது. பழைய அன்லிமிடெட்டில் லேப்டாப்பை இணைக்க வேண்டுமென்றால் மாதம் இன்னொரு 30 டாலர். வேலை நிமித்தம் ஊர் ஊராகச் சுற்றுபவருக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

முழு விலை கொடுத்தவருக்குக் கிடைத்த விடுதலையும் உண்மையானது. கான்ட்ராக்ட் கிடையாது, அபராதம் கிடையாது, பழைய போன் ஒன்றை யாரிடமாவது 300 டாலருக்கு வாங்கி சிம்மை மாற்றிப் போட்டாலும் பிளான் அப்படியே இருக்கும். ஆனால் வெரைசன் சிடிஎம்ஏ என்ற வேறு நெட்வொர்க் முறையில் ஓடியது. ஏடி அண்ட் டிக்கென்று செய்த போன் அதில் ஓடாது என்பதால், முழு விலை என்றாலும் வெரைசனுக்கான போனாகத்தான் இருக்க வேண்டும். அந்த ஐபோன் 5-இல் ஒரு நல்லதும் இருந்தது: வேறு நாட்டு சிம்மைப் போட்டாலும் வேலை செய்தது. 2008 ஏலத்தில் வெரைசன் வாங்கிய 700 மெகாஹெர்ட்ஸ் சி பிளாக் அலைவரிசைக்கு, போன்களைப் பூட்டக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. ஊருக்கு எடுத்து வந்து நம் சிம்மைப் போட்டவர்களுக்கு அது பெரிய உதவி.

குடும்பம் என்றால் கதை மாறுகிறது

பழைய பிளான்காரர்கள் கோபத்தில் பேசாமல் விட்ட பக்கம் இது. கணவன் மனைவி இருவருக்கும் அன்லிமிடெட் என்று வைத்துக்கொள்வோம். 700 நிமிடம் இருவருக்குமாக 70, குடும்ப எஸ்எம்எஸ் 30, டேட்டா இரண்டு முப்பது. மாதம் 160. இரண்டு வருடத்துக்கு 3,840, இரண்டு போனுக்கு 1,298, மொத்தம் 5,138. பகிர்வு பிளானில் இருவரும் சேர்ந்து 4 ஜிபி எடுத்தால் போன்களோடு 4,058. ஆயிரம் டாலருக்கு மேல் மிச்சம். 10 ஜிபி எடுத்தாலும் 4,778 தான். இருவரில் ஒருவராவது மிக அதிகமாக வீடியோ பார்ப்பவராக இருந்தாலொழிய, குடும்பத்துக்கு அன்லிமிடெட்டைக் கட்டிக்கொண்டு அழுவதில் அர்த்தமே இல்லை. கையில் இருப்பதை விட மனம் வராமல் வைத்திருந்த பலர் அதற்கு நல்ல விலை கொடுத்தார்கள்.

ஏடி அண்ட் டி: மானியமும் உண்டு, அன்லிமிடெட்டும் உண்டு, வேகம் மட்டும் இல்லை

முதல் பார்வைக்கு இது வெரைசனைவிட நல்ல மனது. பழைய அன்லிமிடெட்காரர்கள் அதை வைத்துக்கொண்டே 199 டாலர் போனை எடுக்க விட்டார்கள். இரண்டு வருடச் செலவு, அப்கிரேடு கட்டணம் 36 சேர்த்து 2,395. வெரைசனில் அதே ஆளுக்கு 2,809.

ஆனால் 2011 அக்டோபரிலிருந்தே அதிகம் பயன்படுத்துபவர்களின் வேகத்தைக் குறைக்கத் தொடங்கியிருந்தார்கள். 2012 மார்ச்சில் அளவையும் அறிவித்தார்கள்: 3ஜி போனுக்கு 3 ஜிபி, எல்டிஇ (4ஜி) போனுக்கு 5 ஜிபி. அதைத் தாண்டினால் மாதம் முடியும்வரை நெட் ஆமை வேகத்தில் நகரும், அவ்வளவுதான். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2014 அக்டோபரில் வழக்குத் தொடுத்தபோது, குறைந்தது 35 லட்சம் வாடிக்கையாளர்களின் வேகம் 2.5 கோடி தடவைக்கு மேல் குறைக்கப்பட்டதாகச் சொன்னது. 2019 நவம்பரில் 6 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. ஹாட்ஸ்பாட்டும் அன்லிமிடெட்காரர்களுக்கு இல்லை. ஐபோன் 5 வந்த நேரத்தில் மொபைல் டேட்டாவில் ஃபேஸ்டைம் வீடியோ கால் பேசுவதைக்கூட முதலில் புதிய பகிர்வு பிளான்காரர்களுக்கு மட்டும் என்றார்கள்.

இரண்டில் எது மோசம் என்று கேட்டால் ஏடி அண்ட் டி செய்ததுதான் என்பேன். வெரைசன் முகத்துக்கு நேரே விலை சொன்னது. கசக்கும், ஆனால் கையெழுத்துப் போடும் முன் தெரியும். இங்கே மானியப் போனைக் காட்டி இரண்டு வருடம் கட்டிப்போட்ட பிறகு, 'அன்லிமிடெட்' என்ற சொல்லின் உள்ளே இருந்ததை எடுத்துவிட்டார்கள். விலகினால் 325 டாலர் வரை அபராதம் வேறு. மாதம் 5 ஜிபிக்குள் இருப்பவருக்கு மட்டும் இது நல்ல பேரம். அவருக்கோ அன்லிமிடெட் தேவையே இல்லை.

ஸ்பிரிண்ட்

காகிதத்தில் இந்த மூன்றாவது கம்பெனிதான் வெற்றியாளர். மாதம் 80 டாலர், அன்லிமிடெட் டேட்டா, 199 டாலர் போன். இரண்டு வருடத்துக்கு ஏறக்குறைய 2,150. ஆனால் 2012 ஜூலை நடுவில்தான் அட்லாண்டா, டாலஸ், ஹூஸ்டன் போன்ற சில ஊர்களில் எல்டிஇ தொடங்கியிருந்தது. மற்ற இடங்களில் நெரிசலான 3ஜி. உங்கள் தெருவில் நன்றாகக் கிடைத்திருந்தால் யோசிக்காமல் எடுத்திருக்கலாம். கிடைக்காவிட்டால் அளவில்லாத டேட்டாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

டி-மொபைல்: மானியத்தையே எடுத்தவர்கள்

2013 மார்ச் 26 அன்று டி-மொபைல் எல்லோருக்கும் மானியத்தை நிறுத்தியது. தலைப்பை மட்டும் படித்தால் வெரைசன் செய்ததன் பெரிய வடிவம்போல் தோன்றும். உள்ளே போனால் நேர் எதிர். கான்ட்ராக்டையும் சேர்த்து எடுத்தார்கள், மாதக் கட்டணத்தைக் குறைத்தார்கள், போனின் விலையைத் தனி வரியாக பில்லில் எழுதினார்கள். ஐபோன் 5-க்கு முன்பணம் 99 டாலருக்குச் சற்று மேல், பிறகு மாதம் 20 வீதம் 24 மாதம். ஆக 580. அன்லிமிடெட் பிளான் மாதம் 70. இரண்டு வருடத்துக்கு 2,260 டாலர்.

இருபத்தைந்தாவது மாதத்தைப் பாருங்கள். டி-மொபைலில் தவணை முடிந்ததும் பில்லில் 20 டாலர் குறைகிறது. நம் ஊரில் பாத்திரமும் சேலையும் தவணைக்குக் கொடுப்பவர்கூட, கடைசி ரூபாய் வந்ததும் அட்டையில் கோடு போட்டு மூடிவிடுவார். வெரைசனில் அந்த அட்டை மூடுவதே இல்லை. கான்ட்ராக்ட் முடிந்து, 450 டாலரும் வசூலாகி, மூன்றாவது வருடமும் அதே போனை வைத்திருப்பவர் அதே பில்லைத்தான் கட்டினார். முழு விலை கொடுத்துத் தன் போனைத் தானே வாங்கி வந்தவரும் போனுக்கு அதே 40 டாலர் கட்டினார். 450 டாலரை 24-ஆல் வகுத்தால் மாதம் 18.75. பழைய அன்லிமிடெட்காரர்களிடம் மானியத்தைப் பிடுங்கிவிட்டு, மானியத்துக்காக வாங்கிக்கொண்டிருந்த அந்தப் பணத்தை மட்டும் விடாமல் வாங்கினார்கள். விலையேற்றம் என்ற பெயர் இல்லாமல் நடந்த விலையேற்றம் அது.

டி-மொபைலின் அன்றைய குறை அதன் வீச்சு. பெரிய நகரத்தை விட்டு நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் போனால் சிக்னல் தேட வேண்டியிருந்தது. எல்டிஇயும் அந்த மாதம்தான் சில நகரங்களில் தொடங்கியிருந்தது. நகரத்துக்குள்ளேயே வாழ்க்கை நடத்துபவர், டேட்டா அதிகம் தேவைப்படுபவர் என்றால் 2013-இல் என் ஓட்டு இதற்குத்தான். கிராமப்புறத்தில் இருப்பவர், வேலைக்காக ஊர் விட்டு ஊர் ஓட்டுபவர், தனி ஆள், மாதம் 4 ஜிபிக்கு மேல் என்றால் வெரைசனில் முழு விலை கொடுத்து அன்லிமிடெட்டைக் காப்பாற்றியதே சரி. குடும்பம் என்றால் பகிர்வு பிளான்.

அந்தக் காப்பாற்றியவர்களுக்குப் பிறகு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். 2015 ஆகஸ்டில் வெரைசன் தானும் புதியவர்களுக்கு மானியத்தை நிறுத்தியது. புதிய பட்டியலில், கான்ட்ராக்ட் இல்லாத போனுக்கு மாதம் 20 டாலர், மானியம் வாங்கிக் கான்ட்ராக்டில் இருப்பவருக்கு 40. மானியத்தின் மாத விலை 20 டாலர் என்று கம்பெனியே எழுதி வைத்துவிட்டது. மூன்று வருடமாக மானியமே வாங்காமல் முழு விலையில் போன் வாங்கிய அன்லிமிடெட்காரர்களுக்கு அந்த இருபது குறையவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அவர்களின் டேட்டா கட்டணம் 30-இலிருந்து 50 டாலர் ஆனது.