ஜெசூயிட் வாலன்டியர் கோர்: ஓராண்டுப் பணி முடிந்த பிறகு

கத்தோலிக்கத் துறவற சபையான இயேசு சபையின் (ஜெசூயிட்) மரபில் வந்த தன்னார்வத் தொண்டு அமைப்பான, அமெரிக்காவின் ஜெசூயிட் வாலன்டியர் கோரில் ஓராண்டு பணியாற்றலாமா என்று யோசிக்கும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். பணிக்காலத்தைப் பற்றிப் பலரும் சொல்வார்கள். அது முடிந்த பின் வரும் நாள்களைப் பற்றியே நான் சொல்ல விரும்புகிறேன்.

1956இல் அலாஸ்காவின் காப்பர் வேலியில், பூர்வகுடிப் பிள்ளைகள் பயின்ற ஒரு பள்ளிக்கு உதவச் சென்ற தன்னார்வலர்களிடமிருந்து இந்த மரபு தொடங்குகிறது. ஆன்மிகம், எளிய வாழ்வு, கூட்டு வாழ்க்கை, சமூக நீதி ஆகிய நான்கும் அதன் அடிப்படை. ஒரே வீட்டில் தங்கி, சாப்பாட்டுப் பணத்தைப் பொதுவில் போட்டுச் சமைத்து, வாரத்தில் ஒரு மாலையைச் செபத்துக்கும் இன்னொரு மாலையை ஒருவரோடொருவர் பேசுவதற்கும் ஒதுக்கினோம். பகலில் நான் வீடற்றோர் விடுதியில் வேலை செய்தேன்.

இதில் பணியாற்றியவர்கள் ‘வாழ்நாளுக்கும் கெட்டுப்போனவர்கள்’ என்று அங்கே அன்போடு சொல்வதுண்டு. அந்தச் சொல்லின் பொருள் எனக்கு ஆண்டு முடிந்த பிறகே விளங்கியது. விடுதி வாசலில் படுத்திருந்தவர்களைப் பெயர் சொல்லி அழைத்துப் பழகியவளால், வேறொரு நகரில் பாலத்தடியில் உறங்குபவரைப் பார்க்காமல் கடந்துபோக முடியவில்லை. அதைவிடக் கடினமாக இருந்தது, அந்தத் துயரத்தை மாலையில் யாரிடம் சொல்வது என்பதுதான். ஓராண்டு முழுவதும் அதைத் தாங்கியது கொள்கை அல்ல, அந்தச் சாப்பாட்டு மேசை என்று தனியாக உண்ணத் தொடங்கியபோதுதான் உணர்ந்தேன். ஆண்டிறுதியில் நடக்கும் விடைபெறும் தியானக் கூடுகை எனக்கு உண்மையாகவே உதவியது. ஆனாலும் எந்தக் கூடுகையும் அந்த மேசைக்கு ஈடாகாது.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்க அரசின் சேவைத் திட்டமான அமெரிக்கார்ப்ஸின் இணைப்புள்ள பணியிடம் கிடைத்தால், ஆண்டை நிறைவு செய்தவருக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. அது கையில் வராது. கல்லூரிக்கோ கல்விக் கடனுக்கோ நேராகப் போகும். ஏழு ஆண்டுகளுக்குள் பயன்படுத்த வேண்டும், பயன்படுத்தும் ஆண்டில் அது வருமானமாகக் கணக்கிடப்பட்டு வரிக்கு உட்படும். ஆகவே வரிக்கென ஒரு தொகையை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

தயக்கமின்றி இந்த ஓராண்டைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் ஆகஸ்டில் பெட்டி கட்டும்வரை காத்திராமல், அடுத்து யாரோடு வாழப்போகிறீர்கள் என்பதை வசந்த காலத்திலேயே பேசிவிடுங்கள். நான் தாமதமாகத்தான் பேசினேன். இப்போது பழைய தோழியர் இருவரோடு ஒரே வாடகை வீட்டில் இருக்கிறேன்; செவ்வாய்க்கிழமை மாலைகளில் நாங்கள் வேறெங்கும் போவதில்லை.