சுவரில் மாட்டுவதா, மேஜையில் வைப்பதா, இரவல் கொடுப்பதா?

நான் படித்த கல்லூரியில் விலங்கியல் துறைக்கென்று ஒரு மியூசியம் இருந்தது. சாவி அட்டெண்டரிடம். மூன்று வருடத்தில் இரண்டு தடவை உள்ளே போயிருப்பேன். இரண்டு தடவையும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக நடந்துவிட்டு வெளியே வந்தோம். ஃபார்மலின் வாசனை மட்டும் ஞாபகம் இருக்கிறது. பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் மாணவர்களே கண்காட்சி வைத்தார்கள் என்று எங்கேயாவது படித்தால் எனக்கு அந்தப் பூட்டுதான் முதலில் கண்முன் வரும்.

சரி, பூட்டைத் திறந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன செய்வது? அமெரிக்க, பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் மூன்று வழிகளில் போயிருக்கின்றன. ஒரு கூடத்தை மாணவர்களிடம் ஒப்படைத்து, கண்காட்சியை நீங்களே அமையுங்கள் என்பது ஒன்று. சேமிப்பறையிலிருந்து பொருள்களை எடுத்து மேஜையில் வைத்துப் பாடம் நடத்துவது இன்னொன்று. மூன்றாவதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்: பொருளையே மாணவருக்கு இரவல் கொடுத்து அனுப்பிவிடுவது. மூன்றையும் 'செய்து கற்றல்' என்றே சொல்கிறார்கள். ஆனால் மாணவர் கற்றுக்கொண்டு வெளியே வருவது மூன்று வேறு விஷயங்கள்.

பேரும் புகைப்படமும் கண்காட்சிக்குத்தான். அதற்குக் காரணமும் இருக்கிறது. 1928இல் ஹார்வர்டில் இளங்கலை படித்துக்கொண்டிருந்த லிங்கன் கிர்ஸ்டீன், எட்வர்ட் வார்பர்க், ஜான் வாக்கர் மூவரும் சேர்ந்து சமகாலக் கலைக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியகம் அப்போது உயிரோடிருந்த கலைஞர்கள் பக்கம் அதிகம் திரும்பவில்லை. இவர்கள் ஹார்வர்டு சதுக்கத்தில், கூட்டுறவுக் கடை இருந்த கட்டிடத்தில் இரண்டு அறைகளைப் பிடித்து 1929 பிப்ரவரியில் முதல் கண்காட்சியைத் திறந்தார்கள். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமே அந்த வருடம் நவம்பரில்தான் பிறந்தது. 1930 ஜனவரியில் அலெக்சாண்டர் கால்டரின் கம்பிச் சிற்பங்களைக் காட்டுவதாக ஏற்பாடு. ரயிலடிக்கு அழைத்துவரப் போன வார்பர்க் பார்த்தால், ஆள் வந்திருக்கிறார், சிற்பம் ஒன்றுகூட வரவில்லை. கையில் கம்பிச் சுருளும் குறடும்தான். மாணவர் அறையில் உட்கார்ந்து அங்கேயே வளைத்து முறுக்கி முடித்துக் கொடுத்தார் கால்டர். மூன்று மாணவர்களில் வாக்கர் பின்னாளில் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தின் இயக்குநரானார். கிர்ஸ்டீன் நியூயார்க் சிட்டி பாலே என்ற நடனக் குழுவை உருவாக்கியவர்களில் ஒருவர்.

இந்தக் கதையைக் காட்டித்தான் பல இடங்களில் மாணவர் கண்காட்சிக்கு ஆதரவு திரட்டுகிறார்கள். ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அந்த மூவரும் கண்காட்சி வைத்தது அருங்காட்சியகத்துக்கு வெளியே. பாடத்திட்டம் இல்லை, மதிப்பெண் இல்லை. பணத்தையும் அவர்களே தேடிக்கொண்டார்கள். வார்பர்க் பெரிய வங்கியாளர் குடும்பத்துப் பிள்ளை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்று ஒரு பருவத்துப் பாடமாக நடக்கும் கண்காட்சி வேறு ரகம். பருவம் பதினைந்து வாரம். வேறொரு அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பொருளைக் கடன் வாங்கவே ஒரு வருடம் ஆகிவிடலாம் என்பதால், சொந்தச் சேகரிப்பிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். அதிலும் காப்பாட்சியர் முன்கூட்டியே வடிகட்டிய பட்டியல்தான் பெரும்பாலும் மாணவர் கைக்கு வரும். அச்சோவியம், கோட்டோவியம் போன்ற தாள் பொருள்களுக்கு வெளிச்சம் 50 லக்ஸைத் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) தாண்டக் கூடாது. சில மாதம் சுவரில் இருந்தால் அப்புறம் சில வருடம் இருட்டில் ஓய்வெடுக்க வேண்டும். சட்டம் போடுவது, தாங்கி செய்வது, காப்பீடு எல்லாம் ஊழியர் வேலை. இத்தனையும் கழிந்தபின் மாணவருக்கு மிஞ்சுவது இரண்டே வேலைகள்: எதை விடுவது என்று முடிவெடுப்பது, விளக்க அட்டைக்கு எழுதுவது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. உண்மையான படிப்பு அந்த அட்டையில்தான் இருக்கிறது. முப்பது பக்கக் கட்டுரை எழுதிப் பழகியவரிடம், நின்றுகொண்டே படிக்கப்போகும் ஓர் அந்நியருக்காக அறுபது, எழுபது சொல்லில் எழுது என்றால் திணறிப்போவார். பேராசிரியர் ஒருவர் மட்டும் படித்துவிட்டு மூடி வைக்கிற எழுத்தல்ல அது. எட்டு வயதுப் பிள்ளையும் படிக்கும், அந்தத் துறையில் கரைகண்டவரும் படிப்பார். ஆனால் இந்த அனுபவம் முழுதாகக் கிடைப்பது அந்தப் பாடத்தில் சேர்ந்த பத்துப் பதினைந்து பேருக்குத்தான். கூடம் நிறைய வந்து போகிற மற்ற மாணவர்கள் அதே பழைய பார்வையாளர்கள்தான். அவர்கள் கை பின்னால்தான் கட்டியிருக்கிறது.

மேஜை வகுப்புக்குப் பளபளப்பு கிடையாது. திறப்பு விழா வைக்க முடியாது. ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான்.

முதல் காரணம் வெறும் கணக்கு. ஹார்வர்டு கலை அருங்காட்சியகங்களிடம் சுமார் 2,50,000 பொருள்கள் இருக்கின்றன. எத்தனை கூடம் கட்டினாலும் இவற்றில் பெரும்பகுதி இழுப்பறையில்தான் இருந்தாக வேண்டும். அங்கே 2014இல் புதுப்பித்துத் திறந்த கட்டிடத்தில் இதற்கென்றே ஒரு படிப்பகம் வைத்தார்கள். பார்க்க விரும்பும் பொருளை முன்கூட்டியே சொல்லிவைத்தால் எடுத்து வைப்பார்கள். மாணவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

இரண்டாவது காரணம், சில விஷயங்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புரியவே புரியாது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் இருக்கும் பெட்ரி அருங்காட்சியகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1892இல் இறந்த எழுத்தாளர் அமீலியா எட்வர்ட்ஸ் தன் எகிப்தியப் பொருள்களைக் கற்பிப்பதற்காகக் கல்லூரிக்கு எழுதிவைத்தார். அதிலிருந்து வளர்ந்து இன்று சுமார் 80,000 பொருள்கள். பேராசிரியராக வந்த தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி 1894–95இல் எகிப்தின் நகாடாவில் ஏராளமான கல்லறைகளைத் தோண்டினார். எதிலும் தேதி இல்லை. மன்னர் பெயர் பொறித்த துண்டும் இல்லை. பானைகள் மட்டும் குவிந்து கிடந்தன. ஒரு வகைப் பானையில் இரண்டு பக்கமும் அலை அலையாக நெளிந்த கைப்பிடி. சிலவற்றில் அது விரலுக்கு நன்றாகப் பிடி கொடுக்கிறது. சிலவற்றில் சிறுத்துப் போயிருக்கிறது. இன்னும் சிலவற்றில் பானையைச் சுற்றி வெறும் நெளிகோடாகத் தேய்ந்து, பிடிக்க ஒன்றுமே இல்லை. உபயோகம் அலங்காரமாகத் தேய்ந்துகொண்டே போகிற அந்த வரிசைதான் கால வரிசை என்று பெட்ரி பிடித்தார். அதை வைத்தே கல்லறைகளை முன்பின்னாக அடுக்கினார். இதைப் பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் படிக்கலாம், மறந்தும்விடலாம். ஏழெட்டுப் பானையைக் கலைத்து வைத்து, வரிசைப்படுத்து என்று ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். விரலுக்குப் பிடி கிடைக்காமல் வழுக்கும்போது அவருக்கே தெரிந்துவிடும். அசலைத் தரப் பயமாக இருந்தால் நகல் பானை போதும்.

உடைந்துவிடாதா என்று கேட்பார்கள். உடையலாம். அதனால்தான் எடுக்கும் விதத்தையே முதல் பாடமாக வைக்கிறார்கள். படங்களில் காட்டுகிற வெள்ளைத் துணிக் கையுறை பல பொருள்களுக்கு உதவாது. உலோகத்துக்கு நைட்ரைல் என்கிற செயற்கை ரப்பர் கையுறை, ஏனென்றால் வியர்வையின் உப்பு உலோகத்தை அரிக்கும். தாளுக்குப் பெரும்பாலும் கழுவித் துடைத்த வெறும் கையே நல்லது. துணிக் கையுறை தாளின் ஓரத்தில் மாட்டிக் கிழித்துவிடும். பானையைக் காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அடியில் கை கொடுக்க வேண்டும். நம் வீட்டுப் பாட்டிகளுக்குத் தெரிந்த விதிதான்.

தொடாமலேகூட இந்த வழி வேலை செய்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் 1990களின் இறுதியில் தோல் மருத்துவப் பேராசிரியர் இர்வின் பிரேவர்மேனும், அங்குள்ள பிரிட்டிஷ் கலை மையத்தின் லிண்டா ஃபிரீட்லாண்டரும் மருத்துவ மாணவர்களை ஓவியங்களுக்கு முன்னால் நிறுத்தினார்கள். தலைப்பு தெரியாது, ஓவியர் பெயர் தெரியாது. பார்ப்பதை மட்டும் சொல்ல வேண்டும். முகத்தில் தெரிவது இது, அதனால் இப்படி நினைக்கிறேன் என்று. இந்த வகுப்புக்குப் போனவர்கள் போகாதவர்களைவிட நோயாளிகளின் படங்களில் கூடுதல் விவரங்களைக் கவனித்தார்கள் என்று 2001இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்கள். மருத்துவ மாணவர்களுக்கு யாரும் கண்காட்சி அமைக்கச் சொல்லித் தரவில்லை, தேவையும் இல்லை.

மேஜை வகுப்பில் எனக்குப் பிடித்த இன்னொன்று, பொருளோடு, அது எங்கிருந்து எப்படி வந்தது என்று சொல்லும் கோப்பும் வரும். அட்டையில் இடம் இல்லாத விஷயங்கள் கோப்பில் இருக்கும். ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967இல் சோதபீஸ் ஏலத்தில் வாங்கிய திருமங்கை ஆழ்வார் வெண்கலம் நமக்குத் தெரிந்த உதாரணம். அதே சிலை 1957இல் தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் இருந்ததற்கான புகைப்படம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவன ஆவணத்தில் இருப்பதை வெளி ஆய்வாளர் ஒருவர் 2019இல் சுட்டிக்காட்டினார். திருப்பித் தரப் பல்கலைக்கழகம் 2024இல் ஒப்புக்கொண்டது. காட்சிக் கூடத்தில் 'வாங்கியது 1967' என்று ஒரு வரியில் முடிந்துபோகும். 1957க்கும் 1967க்கும் நடுவே என்ன நடந்தது என்று கேட்கக் கற்றுக்கொடுக்கக் கோப்பு வேண்டும், நேரம் வேண்டும்.

இரவல் வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், செய்பவர்கள் குறைவு. ஒஹையோவின் ஓபர்லின் கல்லூரியில் 1940இல் எலன் ஜான்சன் தொடங்கியது இன்றும் நடக்கிறது. ஒரு பருவத்துக்கு ஒரு படைப்புக்கு 5 டாலர். அசல் ஓவியம் விடுதி அறைக்கு வரும். நல்லதாகப் பிடிக்க வேண்டுமென்று முதல் நாள் இரவே வந்து வரிசையில் படுத்துக்கொள்கிறார்கள். கேம்பிரிட்ஜில் கலைச் சேகரிப்பாளர் ஜிம் ஈட் தன் கெட்டில்ஸ் யார்டு வீட்டை 1957 முதல் மாணவர்களுக்குத் திறந்துவைத்தார், ஓவியங்களை இரவலும் கொடுத்தார். 1966இல் வீட்டையே பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். அந்த வீட்டில் ஒரு தட்டில் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கும். எதிரே ஸ்பானிய ஓவியர் மீரோவின் ஓவியத்தில் உள்ள மஞ்சள் புள்ளிக்குப் பதில் சொல்வதற்காக. ஓர் அறையில் எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது என்பதற்கு இதைவிடச் சிக்கனமான பாடம் நான் பார்த்ததில்லை. இரவலில் கிடைப்பது இந்த மாதிரிப் பழக்கம்தான்: நாலு மாதம் தினமும் காலையில் அதே படத்தைப் பார்ப்பது. பிடித்த படம் அலுத்துப்போகும், பிடிக்காதது பிடித்துப்போகும். ஆனால் யாரும் எதையும் சொல்லித் தருவதில்லை. ஓவியத்தைத் தவிர வேறு எதற்கும் இது ஒத்துவராது. பாடம் செய்த பாம்பை யாரும் விடுதிக்கு எடுத்துப்போகப் போவதில்லை.

செலவைப் பார்த்தால் கண்காட்சிதான் அதிகம், இரவலில் ஆபத்து அதிகம். மேஜை வகுப்பு இரண்டிலும் தப்பித்தாலும் பொறுமையான ஊழியர் ஒருவரை முழுநேரமாகக் கேட்கும். பல இடங்களில் அந்த ஒரு சம்பளம்தான் கிடைக்காமல் போகிறது. கண்காட்சிக்கு நன்கொடையாளர் கிடைப்பார், பலகையில் பெயர் வரும். பானையை எடுத்து வைத்துத் திரும்ப அடுக்குகிறவருக்கு யார் நன்கொடை தருவார்கள்?

கண்காட்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வருடமாவது மேஜையில் உட்கார்ந்தவர்கள் அதை அமைக்கட்டும். பதினைந்து வாரத்தில் முடிக்காமல் இரண்டு பருவம் எடுத்துக்கொள்ளட்டும். எங்கள் விலங்கியல் அறைக்கு இப்போதைக்கு அதுவும் வேண்டாம். ஃபார்மலின் ஜாடிகள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். எலும்புக்கூடுகளும் சிப்பிகளும் ஒரு மேஜைக்கு வந்தால் போதும். நல்ல விளக்கு ஒன்று, புதன்கிழமை மதியம் இரண்டு மணி நேரத்துக்கு அந்தச் சாவி.