பனியன் கம்பெனிக்காரன் பார்வையில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் வேலை எனக்கு. எந்த இடத்துக்குப் போனாலும் யார் கை சும்மா இருக்கிறது என்றுதான் கண் தேடும். அம்மாவுக்குப் புரை முற்றி, கோயம்புத்தூர் அவிநாசி ரோடு அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனபோதும் அதைத்தான் பார்த்தேன். ஆபரேஷன் எப்படி, காசு எவ்வளவு என்பதெல்லாம் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நான் வேலை நடக்கிற விதத்தை எழுதுகிறேன்.

கிளம்பும்போதே பக்கத்து வீட்டு அக்கா பயமுறுத்தினார். "அங்கெல்லாம் கூட்டமுங்க தம்பி, ஒருத்தருக்கு அஞ்சு நிமிசம், பத்து நிமிசந்தான். அவசரத்துல ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?" அம்மா அதைக் கேட்டுவிட்டு பஸ்ஸில் வாயே திறக்கவில்லை.

கூட்டம் இருப்பது நிஜம். ஆனால் கூட்டம் ஒரே இடத்தில் தேங்குவதில்லை. சீட்டு போடுவது ஓரிடம், எழுத்துப் படிக்கச் சொல்லிப் பார்வை பார்ப்பது ஓரிடம், கண் பிரஷர் எடுப்பது ஓரிடம், சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்கார வைப்பது ஓரிடம். டாக்டர் முன்னால் போய் உட்காரும்போது அவருக்கு வேண்டிய எல்லாமே சீட்டில் ஏறியிருக்கிறது. இந்த வேலைகளைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் கிராமத்துப் பெண்பிள்ளைகள். பிளஸ் டூ முடித்தவர்களை எடுத்து, இரண்டு வருஷம் அங்கேயே பயிற்சி கொடுத்து வேலைக்கு வைக்கிறார்கள். புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸுக்குப் பவர் அளக்கிற பெண் நாள் முழுக்க அதையே அளக்கிறாள். கை பழகிப்போயிருக்கிறது, தடுமாற்றமே இல்லை.

எங்கள் லைனில் கைமடி என்று ஒரு ஆள் உண்டு. பவர்டேபிள் டெய்லர் மிஷினை விட்டுக் கையெடுக்காதபடி பீஸை அடுக்கிக் கொடுப்பதும் தைத்ததை வாங்கி வைப்பதும் அவர் வேலை. கைமடி சரியில்லை என்றால் எப்பேர்ப்பட்ட டெய்லரும் பாதி நேரம் சும்மாதான் உட்கார்ந்திருப்பார். அரவிந்தில் தியேட்டருக்குள்ளும் இதே கணக்குத்தான். ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை. ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த ஆளைப் படுக்க வைத்து, கண்ணைத் துடைத்து, தயாராக வைத்துவிடுகிறார்கள். முதல் ஆள் முடிந்ததும் மைக்ராஸ்கோப்பை இந்தப் பக்கம் திருப்பினால் போதும். அக்கா சொன்ன "அவசரம்" இதுதான். கண்ணுக்குள் செய்கிற வேலையில் ஒரு நிமிஷமும் குறைக்கவில்லை, ஒரு ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவில் வீணாகிற நேரத்தைத்தான் எடுத்துவிட்டார்கள். நாள் முழுக்க இதையே செய்கிற கை என்பதால் எனக்குத் தைரியம்தான் வந்தது.

காசு விஷயத்துக்கு வருகிறேன். இதற்கு முன்னால் வேறொரு தனியார் ஆஸ்பத்திரியில் கேட்டபோது, அட்வான்ஸ் கட்டுகிற வரைக்கும் மொத்தம் எவ்வளவு என்று வாயிலிருந்து வரவில்லை. இங்கே கவுன்சலர் என்று தனியாக ஒரு சிஸ்டர் உட்கார்ந்து, மடங்காத லென்ஸ் என்றால் இவ்வளவு, மடிக்கிற லென்ஸ் என்றால் இவ்வளவு, மிஷின் வைத்துப் பண்ணினால் இவ்வளவு, கையால் சின்னதாக வெட்டித் தையல் இல்லாமல் பண்ணினால் இவ்வளவு என்று அம்மாவைப் பார்த்தே சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

நாங்கள் கட்டணப் பிரிவு. இலவசப் பிரிவு தனி. அங்கே பெரிய ஹாலில் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்க வைப்பார்கள். கட்டில் கிடையாது, தனி ரூம் கிடையாது. ஆனால் ஆபரேஷன் பண்ணுகிற டாக்டர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறி வருகிறவர்கள்தான். எங்கள் தொழிலில் லோக்கல் சரக்குக்கு ஒரு தையல், எக்ஸ்போர்ட்டுக்கு ஒரு தையல் என்பது ஊரறிந்த விஷயம். இங்கே தையல் ஒன்றுதான், பேக்கிங்தான் வேறு. வருமானச் சான்றிதழ் கொண்டுவா என்றும் கேட்பதில்லை. வசதி உள்ளவன் பாயில் படுக்க வரமாட்டான் என்கிற கணக்கு. காரில் வந்து இலவச வரிசையில் நிற்கிற ஆள் ஒருத்தர் இரண்டு பேர் இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும். கட்டணப் பிரிவில் மிஞ்சுகிற காசு அந்தப் பக்கத்துக்குப் போகிறது என்று தெரிந்தபோது பில் கட்ட எனக்கு வலிக்கவில்லை.

இலவசம் என்று போர்டு வைத்தால் மட்டும் ஜனம் வந்துவிடாது. பஸ் காசு, சாப்பாடு, கூட வருகிறவரின் ஒரு நாள் கூலி எல்லாம் இருக்கிறதே. அதனால்தான் ஊர் ஊராக முகாம் போட்டு, ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களை அன்றைக்கே வண்டியில் ஏற்றி, சாப்பாடு போட்டு, முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். முகாம் செலவை லயன்ஸ் கிளப், மில், கோயில் கமிட்டி என்று உள்ளூரில் யாராவது ஏற்றுக்கொள்வார்கள்.

ஆரம்பித்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கியது. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன மனுஷன், அந்த விரல்களாலேயே லட்சம் ஆபரேஷனுக்கு மேல் பண்ணியிருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். வெளிநாட்டு லென்ஸ் ஒன்று 100 டாலர், அதற்கு மேல் என்று விற்ற காலத்தில், 1992இல் ஆரோலேப் என்று சொந்தமாகவே லென்ஸ் கம்பெனி தொடங்கி, விலையை 10 டாலர் அளவுக்கு இறக்கினார்கள். துணியை வெளியே வாங்கினால் மார்ஜின் நிற்காது, நிட்டிங்கும் நம்மிடமே இருக்கவேண்டும் என்று எங்கள் முதலாளி புலம்புவது இதைத்தான்.

டாக்டரிடம் நிதானமாக உட்கார்ந்து வீட்டுக் கதை வரைக்கும் பேசினால்தான் மனசு ஆறும் என்கிறவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது. சந்தேகத்தையெல்லாம் கவுன்சலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பொறுமையாகச் சொல்கிறார்கள்.

போகிறவர்களுக்கு: காலையில் நேரத்தோடு போய்விடுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைச் சீட்டு கையில் இருக்கட்டும். சொட்டு மருந்து விட்டபின் சில மணி நேரம் எல்லாம் மங்கலாகத் தெரியும், கண் கூசும், வண்டி ஓட்ட முடியாது. கூட ஆள் இல்லாமல் போகாதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு சொட்டு மருந்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வரவேண்டும், நாமாக நிறுத்தக்கூடாது. அம்மாவுக்கு நான் அந்த அட்டவணையை அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட்டேன். அடுத்த கண் தீபாவளி ஷிப்மென்ட் முடிந்த பிறகு.