படகு டிரெய்லருக்கு டிஸ்க் பிரேக் கிட்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

உப்புத் தண்ணீரில் இறங்கும் டிரெய்லருக்கு டிரம் பிரேக்கைவிட ஹைட்ராலிக் டிஸ்க் கிட்டே மேல். டிரம்முக்குள் உப்பும் மணலும் தங்கிவிடும். டிஸ்க்கை நல்ல தண்ணீர் விட்டு எளிதாகக் கழுவலாம். ரோட்டார் (சக்கரத்தோடு சுற்றும் தட்டு) மட்டுமல்ல, காலிப்பர் (பிரேக் பேடுகளை அந்தத் தட்டில் அழுத்தும் பாகம்) நகரும் பின்களும் துருப்பிடிக்காத எஃகுதானா என்று பாருங்கள். அந்தப் பின் இறுகினால் ஒரு பக்கப் பேடு மட்டும் தேய்ந்து தீரும்.

டிரம்முக்கான பழைய கப்ளரையே (டிரெய்லரை வண்டியோடு இணைத்து, பிரேக்குக்கு அழுத்தம் தரும் பாகம்) வைத்து ஓட்டுவது பெரிய தவறு. டிஸ்க்குக்கு அழுத்தம் அதிகம் வேண்டும். அதோடு, டிரம் கப்ளரில் இருக்கும் எச்ச அழுத்த வால்வு (பிரேக்கை விட்டபின்னும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைத் தக்கவைப்பது) பேடை ரோட்டாரோடு உரசவைத்தபடியே இருக்கும்.

ஓடி வந்தபின் ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறதா? சூடு ஆறியதும் ஜாக்கியில் தூக்கி, அந்தக் காலிப்பரின் பிளீடரை (பிரேக் எண்ணெயை வெளியே விடும் சிறு திருகு) திறங்கள். எண்ணெய் பீய்ச்சி, சக்கரம் இலகுவாகச் சுற்றினால் அழுத்தம் திரும்பவில்லை என்று பொருள். உள்ளே உப்பிய ரப்பர் ஹோஸ்தான் பெரும்பாலும் காரணம். திறந்தும் இறுக்கம் விடாவிட்டால் பிஸ்டனோ பின்னோ சிக்கியிருக்கிறது. இந்த ஒரு சோதனை தேவையில்லாமல் பாகம் மாற்றும் செலவை மிச்சப்படுத்தும்.

பின்னால் எடுக்கும்போது மட்டும் பிரேக் பிடித்தால் ரிவர்ஸ் சோலனாய்டை (பின்னால் எடுக்கும்போது பிரேக் அழுத்தத்தைத் தடுக்கும் மின் வால்வு) பாருங்கள். ரிவர்ஸ் விளக்கு எரியும்போது அதற்கு 12 வோல்ட் வரவேண்டும். எர்த் இணைப்பில் துரு ஏறியிருப்பதே வழக்கமான கோளாறு.

பிரேக் குழாயில் தங்கிய காற்றை வெளியே எடுக்கும்போது கப்ளருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குங்கள்.