கடைசி பஸ்ஸை நம்பி நிற்பவர்கள் கவனத்துக்கு: பலகையில் 9.15, வண்டி போனது 8.40

ராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரையிலிருந்து சாயல்குடி வரை கடலோரமாக இருக்கும் ஊர்களுக்கு இரவில் பஸ் பிடித்துத் திரும்புகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள். குறிப்பாக வயதானவர்களையோ பெண் பிள்ளைகளையோ கூட்டிக்கொண்டு போகிறவர்கள்.

அம்மாவுக்குக் கண்ணில் புரை. போன மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் டாக்டரிடம் காட்டினோம். பரிசோதனைக்காகச் சொட்டு மருந்து விட்டிருந்ததால் அம்மாவுக்கு வெளிச்சம் பட்டாலே கண் கூசியது, எதிரில் வருவது எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டேதான் நடந்தார். எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் 9.15 என்று பேருந்து நிலையப் பலகையில் பெரிதாக எழுதியிருக்கிறது. நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது 8.55. இருபது நிமிடம் இருக்கிறதே என்று அம்மாவைத் திண்டில் உட்கார வைத்து, டீ வாங்கப் போனேன்.

டீக்கடை அண்ணன் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "அது எட்டு நாப்பதுக்கே போயிருச்சே தம்பி. கூட்டம் இல்லைன்னா இப்படித்தான் எடுத்துட்டுப் போயிருவாங்க" என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பஸ் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கிற டைம் கீப்பர் அறைக்குப் போனேன். விளக்கு அணைத்து, கதவில் பூட்டு தொங்கியது. சுவரில் எழுதியிருந்த எண்ணுக்கு நாலு முறை அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. கழிப்பறையும் பூட்டியாகிவிட்டது. கடைசி பஸ் கிளம்பும் வரையாவது திறந்திருக்க வேண்டிய இடம் 9 மணிக்கு முன்பே அடைத்துக் கிடக்கிறது. அந்த அறையில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் "போயிருச்சு, வேறு வழி பாருங்க" என்றாவது சொல்லியிருப்பார். அதற்குக்கூட யாரும் இல்லை.

எங்களைப் போலவே இன்னும் ஆறு பேர் நின்றார்கள். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் இரண்டு பெண் பிள்ளைகள், சின்னப் பையனோடு ஒரு தம்பதி, கருவாடு விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு ஒரு அப்பத்தா. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி வீட்டுக்குப் போன் போட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அப்பத்தாதான் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "போன வாரமும் இதே கததான் தம்பி, விடிய விடிய இங்கனயே கெடந்தேன்" என்றார் என்னிடம். எழுபது வயதுக்குக் குறையாது. எனக்கு மனது ஆறவே இல்லை.

ஆட்டோ 1,000 ரூபாய் கேட்டார்கள், பேசி 800. அத்தனை பேரும் ஒரே ஆட்டோவில் நெருக்கியடித்துப் போனோம். தப்புதான், ஆனால் யாரை விட்டுவிட்டு வருவது? ஈசிஆரிலிருந்து கடல் பக்கம் திரும்பிவிட்டால் இரண்டு பக்கமும் கருவேலங்காடுதான், விளக்கு கிடையாது. உப்பளம் தாண்டி ஒரு வளைவில் நடுரோட்டில் மாடுகள் படுத்திருந்தன. டிரைவர் ஒடித்துத் திருப்பியதில் அம்மா கம்பியில் இடித்துக்கொண்டார்.

சென்னையில் இருக்கும் என் தம்பி, "அடுத்த பஸ்ல வர வேண்டியதுதானே" என்றான். அவன் ஊரில் ஒன்று போனால் இன்னொன்று வரும். எங்களுக்கு அடுத்த பஸ் என்பது விடிந்த பிறகுதான். அதுவும் இதே வண்டிதான். ஹால்ட் பஸ் என்பதால் இரவு ஊரில் நிறுத்தி, டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே படுத்து, விடிகாலை 5 மணிக்கு அங்கிருந்து திருப்பி எடுக்கிறார்கள். சீக்கிரம் போனால் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கலாம். அந்தக் களைப்பு எனக்குப் புரிகிறது. அப்படியானால் முறையாக எழுதிக் கேட்டு நேரத்தை 8.40 என்று மாற்றட்டும், நாங்களும் அதற்குத் தகுந்த மாதிரி கிளம்பி வருவோம்.

சனிக்கிழமை அந்த டைம் கீப்பர் அறைக்கே நேரில் போய்க் கேட்டேன். டிரிப் ஷீட்டை எடுத்துக் காட்டினார்கள். புறப்பட்ட நேரம் 9.15 என்று எழுதியிருந்தது! "நீங்க லேட்டா வந்திருப்பீங்க" என்றார் அங்கிருந்தவர். பூட்டிய அறையையும் காலியான பஸ் நிற்கும் இடத்தையும் அன்று 9.02க்குப் படம் எடுத்து வைத்திருந்தேன். அதைக் காட்டியதும் பேச்சு மாறியது, "எழுதிக் குடுங்க, பாக்குறோம்" என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். வாங்கியதற்குச் சீட்டு தர மறுத்தார்கள். அதே புகாரை ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன், அடுத்த திங்கள்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து மனு எண் வாங்கினேன். டீக்கடை அண்ணனைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. அவர் நாளைக்கும் அங்கேதான் கடை போட வேண்டும்.

மனுவில் என்ன எழுத வேண்டும் என்று ஒரு வக்கீல் அக்கா சொல்லிக்கொடுத்தார். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 72ஆவது பிரிவின்படி பர்மிட் தரும்போதே ஒரு நாளைக்கு எத்தனை நடை, அட்டவணையை எங்கெங்கே ஒட்ட வேண்டும், நேரம் எவ்வளவு முன்பின் ஆகலாம் என்றெல்லாம் வட்டாரப் போக்குவரத்து ஆணையம் நிபந்தனை போடலாம். அதை மீறினால் 86ஆவது பிரிவில் பர்மிட்டை நிறுத்திவைக்கலாம், ரத்தும் செய்யலாம். எங்கள் மாவட்டத்தில் அந்த ஆணையத்துக்குத் தலைவர் கலெக்டர்தான். அதனால் திங்கள்கிழமை மனு வீண் என்று நினைக்காதீர்கள். அரசு அலுவலகத்தில் இருக்கும் ஆவணம் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

பஸ் பெயரையும் நிலையத்தின் பெயரையும் எழுதவில்லை. மனு விசாரணையில் இருக்கிறது, ஒரு கண்டக்டரின் பிழைப்பைக் கெடுப்பதும் என் எண்ணமில்லை. 9.15 என்று பொய்யாக எழுதுவதை யார் அனுமதிக்கிறார்கள், அறையைப் பூட்டிவிட்டுப் போகச் சொன்னது யார், அதற்குத்தான் பதில் வேண்டும்.

மனு கொடுத்தபின் ஒரு வாரம் வண்டி சரியாக 9.15க்குக் கிளம்பியது. அப்புறம் பழையபடி. நேற்று 8.50க்குப் போய்விட்டதாக அந்த ஜவுளிக்கடைப் பிள்ளை போன் செய்தாள். இரவு அந்தப் பக்கம் வருகிறவர்கள் 8.30க்கே வந்துவிடுங்கள். பஸ்ஸைத் தவறவிட்டால் பலகையையும் பூட்டிய அறையையும் நேரம் தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள். வருகிற திங்கள்கிழமை மறுபடி மனு கொடுக்கப் போகிறேன். அப்பத்தாவும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.