படத்தின் மூலை இருளைத் திருத்துதல்: ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ஃபுல் ஃபிரேம் கேமராவில் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை முழுவதும் திறந்து, அதாவது எஃப்/1.8-இல், எடுத்தால் நடுப்பகுதி வெளிச்சமாகவும் நான்கு மூலைகளும் மங்கியும் இருப்பது இவ்வகை லென்ஸ்களின் இயல்பு. துளையைச் சுருக்கி எஃப்/2.8-க்கு வந்தாலே (எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும்) இருள் பெருமளவு குறைந்துவிடும், எஃப்/5.6-இல் அநேகமாகக் கண்ணுக்கே தெரியாது. வெளிச்சம் போதுமான இடத்தில் இதைவிட எளிய தீர்வு வேறில்லை. மங்கலான கல்யாண மண்டபத்தில்தான் துளையைச் சுருக்க வழியின்றிப் போகிறது. குழுப்படத்தில் வரிசையின் இரு முனைகளிலும் நிற்கும் உறவினர்களின் முகம் மணமக்களின் முகத்தைவிட இருண்டு நிற்கும். அழகுக்காகச் சேர்க்கும் இருள் வேறு, இது வேறு. இதைத் திருத்தியே ஆக வேண்டும்.

திருத்துவதற்கு முன், இருள் எதனால் வந்தது என்று பார்த்துவிட வேண்டும். துளையைச் சுருக்கினால் குறையும் இருள், லென்ஸின் குழல் சாய்வாக வரும் ஒளியை மறைப்பதால் உண்டாவது. அகலக்கோண லென்ஸ்களில் ஒளி சாய்ந்து விழுவதாலேயே ஓர் இழப்பு உண்டு: கோசைனின் நான்காம் அடுக்கு விதிப்படி 45 டிகிரி சாய்வில் நடுப்பகுதிக்குக் கிடைப்பதில் கால் பங்கு ஒளிதான் கிடைக்கும், அதாவது 2 ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). லென்ஸின் வடிவமைப்பு இந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டலாம். துளையைச் சுருக்கி இதைப் போக்க முடியாது. லென்ஸின் முன்னே மாட்டும் போலரைசர் வடிகட்டியின் தடித்த வளையமோ பொருந்தாத ஹூடோ மறைப்பது மூன்றாம் வகை. துளையைச் சுருக்கச் சுருக்க அதன் விளிம்பு இன்னும் கூர்மையாகும். ஒளியே பதியாத அந்த மூலையை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

கேமராவுக்குள்ளேயே திருத்தும் வசதி 2008-இல் வந்த கேனான் இஓஎஸ் 50டி காலத்திலிருந்தே உண்டு. ஜேபெக் மட்டும் எடுப்பவர்களுக்கு அது போதும். நான் ரா கோப்புகளில் (சென்சார் பதிந்ததைப் பதப்படுத்தாமல் சேமிக்கும் கோப்புகள்) வேலை செய்வதால் முதலில் டார்க்டேபிள் என்ற மென்பொருளின் லென்ஸ் திருத்தத்தை நம்பியிருந்தேன். அது லென்ஸ்களின் குறைகளை அளந்து வைத்திருக்கும் லென்ஸ்ஃபன் தரவுத்தளத்திலிருந்து, குவியத் தூரத்துக்கும் துளைக்கும் ஏற்ற அளவுகளை எடுத்துக்கொள்கிறது. தரவு இருக்கும் லென்ஸ்களுக்கு ஒரு சொடுக்கில் வேலை முடிகிறது. ஆனால் நேர்கோடுகள் வளைந்து தெரிவதைத் திருத்தத் தரவு இருந்தும் மூலை இருளுக்குத் தரவு இல்லாத லென்ஸ்கள் பல. அடாப்டர் வழியாக மாட்டும் ஹீலியோஸ் 44-2 போன்ற பழைய லென்ஸ்களோ துளை அளவைக் கேமராவுக்குத் தெரிவிப்பதே இல்லை.

இந்தக் குறையைத் தீர்த்தது ராதெரபி என்ற இன்னொரு ரா மென்பொருளில் உள்ள ஃபிளாட் ஃபீல்ட் முறை. என் கருத்தில் இதுவே மிக நேர்மையான திருத்தம், ஏனெனில் யாரோ அளந்த இன்னொரு லென்ஸின் கணக்கை அல்ல, நம் கையிலுள்ள லென்ஸின் இருளையே இது அளக்கிறது. பால்வெள்ளை அக்ரிலிக் தகட்டை லென்ஸின் முகப்பில் ஒட்டினாற்போல் வைத்து, சீரான வெளிச்சமுள்ள வானத்தை நோக்கி, குறைந்த ஐஎஸ்ஓவில் (ஒளி உணர்திறன் அளவு), ஒளி மிகுந்து வெளுத்துப்போகாதபடி ஒவ்வொரு துளை அளவுக்கும் ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும். அந்தக் கோப்புகள் இருக்கும் கோப்புறையைக் காட்டிவிட்டால், கேமரா, லென்ஸ், குவியத் தூரம், துளை ஆகியவற்றைப் பார்த்து மென்பொருளே பொருத்தமானதைத் தேர்ந்துகொள்ளும். ஹீலியோஸுக்கு மட்டும் கோப்பின் பெயரிலேயே துளை அளவை எழுதி வைத்து, கையால் தேர்கிறேன். ஃபிளாட் ஃபீல்ட் படத்தை மென்பொருள் மங்கலாக்கும் ஆரத்தை 0-க்குக் கொண்டுவந்தால் சென்சார் தூசியின் புள்ளிகள்கூட மறையும். அப்போது ஃபிளாட் ஃபீல்ட் படத்தின் இரைச்சலும் (பொடிப்பொடியான புள்ளிகள்) கூடவே வந்து சேர்வதால் பெரும்பாலும் இயல்பான 32-இலேயே விட்டுவிடுகிறேன்.

எந்த முறையானாலும் அதற்கொரு விலை உண்டு. ஐஎஸ்ஓ 1600-இல் எடுத்த படத்தின் மூலையை 2 ஸ்டாப் உயர்த்தினால், அங்கே ஐஎஸ்ஓ 6400-க்கு நிகரான இரைச்சல் தெரியும். ஆகவே மண்டபப் படங்களில் முழுத் திருத்தம் செய்வதில்லை. முனையில் நிற்பவரின் முகம் தெளியும் அளவோடு நிறுத்தி, மேல் மூலைகளின் சுவரை இருளிலேயே விட்டுவிடுகிறேன். ஜேபெக் கோப்பில் நீலவானத்தின் மூலையை அதிகம் உயர்த்தினால் நிறம் பட்டை பட்டையாகப் பிரிவதால், வானம் நிறைந்த படங்களை ரா கோப்பிலிருந்து மட்டுமே திருத்துகிறேன்.